பத்தில் மிஞ்சியது ஒன்றரை: போயிங் 307-ஐத் தேடி ஒரு நீண்ட த்ரெட்

சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசி என்று எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் இன்னைக்கு ஒரு பழைய புரொப்பல்லர் விமானம். "டாக்டர், உங்களுக்கு ஏன் இந்த வேலை"ன்னு கேட்பீங்க. படிச்சு முடிச்சா தெரியும். கொஞ்சம் நீளம்தான். டீயோட வாங்க.

விமானத்தின் பெயர் போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். நாலு எஞ்சின். 1938 டிசம்பர் 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தமாகச் செய்ததே 10 தான். அதில் இன்றைக்கு முழுசா மிச்சம் இருப்பது ஒன்று. இன்னொன்று அரைகுறை. மற்றதெல்லாம் எங்கே போச்சு என்று தேடுவதுதான் இந்த த்ரெட். தேடுற வழியில எனக்கு ரெண்டு கருத்து இருக்கு, ரெண்டையும் சொல்லிடுறேன். சண்டைக்கு வர்றவங்க கடைசி வரை படிச்சிட்டு வாங்க.

முதல்ல, இது ஏன் ஒரு டாக்டர் கண்ணுல பட்டுச்சு?

கேபினுக்குள்ள காற்றழுத்தம் ஏற்றி, டிக்கெட் வாங்கிய பயணிகளைச் சுமந்து பறந்த முதல் விமானம் இதுதான். 1940-ல் சேவைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த பயணிகள் விமானங்களுக்கு அந்த வசதி கிடையாது. மேலே போகப் போக காற்று மெலிஞ்சுடும். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஆக்சிஜன் சதவீதம் அதே 21 தான், ஆனா அதை நுரையீரலுக்குள்ள தள்ளுற அழுத்தம் பாதி. சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கே தலை கனக்கும், நகம் நீலமாகும், யோசனை தடுமாறும். மோசமான விஷயம் என்னன்னா, தடுமாறுறவருக்குத் தான் தடுமாறுறோம்னு தெரியாது.

அதனால பழைய விமானங்கள் கீழேயே, மேகத்துக்குள்ளேயே, குலுங்கிக் குலுங்கித்தான் போகணும். பயணிகள் வாந்தி எடுத்துக்கிட்டே போன காலம் அது. 1930-ல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்கு எடுத்த உலகின் முதல் விமானப் பணிப்பெண் எல்லன் சர்ச் ஒரு தகுதி பெற்ற நர்ஸ். ஆரம்பத்தில் எடுத்த எல்லாருமே நர்ஸ்கள்தான். காபி கொடுக்க மட்டும் எடுக்கல.

307 என்ன செஞ்சதுன்னா, வெளியே 14,700 அடியில் பறக்கும்போது உள்ளே 8,000 அடி உயரத்தில் இருக்கிற அழுத்தத்தை வெச்சிருந்தது. 33 பயணிகள், குலுங்கல் குறைவு, மேகத்துக்கு மேல. இந்த 8,000-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்கு நீங்க சென்னையிலிருந்து துபாய் போற விமானம் 35,000 அடியில் பறந்தாலும், சாதாரண நேரத்தில் உள்ளே இருக்கிற அழுத்தம் 8,000 அடிக்கு உரியதைவிடக் கீழே போகக் கூடாதுங்கிறதுதான் இப்பவும் விதி. ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா சுமார் 8,650. ஆக, நாலு மணி நேரம் நீங்க உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவுல ஒரு பெஞ்சுல. நல்ல ஆளுக்கே ஆக்சிஜன் அளவு 90-93 வரைக்கும் இறங்கும். ஒண்ணும் ஆகாது. ஆனா ஹீமோகுளோபின் 6 இருக்கிற அம்மாவுக்கும், பீடி குடிச்சே நுரையீரல் போன ஐயாவுக்கும் அது சின்ன விஷயம் இல்ல. "ஃப்ளைட்ல போகலாம்னு ஒரு சர்டிஃபிகேட் மட்டும் கொடுங்க சார்"னு வரும்போது நாங்க ஏன் மறுபடி மறுபடி பரிசோதிக்கிறோம்னா இதுக்குத்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தா சுத்தமா கூடாது. மேலே போனதும் அந்தக் காற்று மூணுல ஒரு பங்கு பெருக்கும்.

சரி, பத்து விமானத்துக்கு வருவோம்.

முதல் விமானம் 1939 மார்ச் 18-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆல்டர் என்கிற ஊர் பக்கம் விழுந்தது. வாங்க வந்த டச்சு கம்பெனி கேஎல்எம் ஆட்களுக்குக் காட்டுறதுக்காக வேகத்தைக் குறைச்சு ஓட்டிப் பார்த்தப்போ சுழல ஆரம்பிச்சது, மீட்க முயன்றபோது உடைஞ்சது. 10 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் வாலைப் பெரிசாக்கினாங்க. மிச்சம் ஒன்பதில் மூன்று பான் ஆம் கம்பெனிக்கு: ரெயின்போ, ஃப்ளையிங் கிளவுட், காமெட் என்று பெயர். ஐந்து டிடபிள்யூஏ-வுக்கு: கோமாஞ்சி, செரோக்கி, ஜூனி, நவாஹோ, அப்பாச்சி. ஒன்று ஹாவர்ட் ஹியூஸ் என்கிற கோடீஸ்வரருக்கு.

ஹியூஸின் கதையைத் தனியா ஒரு படமாகவே எடுக்கலாம். உலகத்தைச் சுற்றி சாதனை படைக்கணும்னு வாங்கினார். 1939-ல் போர் வெடிச்சதும் அந்தத் திட்டம் போச்சு. பிறகு ரேமண்ட் லோவி என்கிற பெரிய வடிவமைப்பாளரை வெச்சு உள்ளே மாளிகை மாதிரி மாத்தினார். அப்புறம் டெக்சாஸ் எண்ணெய் முதலாளி ஒருத்தர் கைக்குப் போச்சு. 1964-ல் ஃப்ளோரிடாவில் கிளியோ புயல் அடிச்சு நொறுக்கிடுச்சு. 1969-ல் ஒருத்தர் அதை 62 டாலருக்கு வாங்கினார். ஆமா, அறுபத்திரண்டு. இறக்கையை வெட்டி எறிஞ்சு, உடம்பை மட்டும் எடுத்து, அடியில படகு கட்டி, வீடாக்கிட்டார். பல வருஷம் ஃபோர்ட் லாடர்டேல் கால்வாயில் மிதந்தது. காஸ்மிக் மஃபின்னு பேர். இப்போ ஃப்ளோரிடாவில் லேக்லாந்து ஊர் விமான அருங்காட்சியகத்துக்கு வந்துடுச்சு.

இதைத்தான் அரைகுறைன்னு சொன்னேன். விமானக் கிறுக்கர்கள் சிலர் இதைக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க, "படகை எல்லாம் விமானம்னு சொல்ல முடியுமா"ம்பாங்க. நான் சேர்ப்பேன். வெட்டின அந்த ஆளை நாம திட்டலாம், ஆனா அவர் வாங்கலைன்னா அது அலுமினியக் குப்பையா உருக்கப்பட்டிருக்கும். பழைய பொருள் பிழைக்கிறது பெரும்பாலும் இப்படித்தான், ஏதோ ஒரு தப்பான வேலைக்கு யாரோ ஒருத்தருக்குத் தேவைப்பட்டதால.

பழைய விமானத்தை எப்படித் தேடுவாங்கன்னு கேட்டா, பேரை வெச்சு இல்ல. பேர் மாறும், பெயின்ட் மாறும், நாடு மாறினா பதிவெண்ணும் மாறும். தயாரிச்ச இடத்துல ஒரு சின்னத் தகட்டுல அடிச்ச வரிசை எண் இருக்கும். அது மட்டும்தான் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒண்ணு. கேஷுவாலிட்டியில் ஏஆர் எழுதுறப்போ ஏன் ரெண்டு அங்க அடையாளம் கேட்கிறோம்? "வலது முழங்கையில் கறுப்பு மச்சம்"னு எழுதுறது சும்மா சம்பிரதாயம் இல்ல. முருகேசன், முருகேஷ், எம்.முருகேசன்னு ஒரே ஆள் மூணு சீட்டுல மூணு பேரா இருப்பார். மச்சம் மாறாது. இந்த ஸ்ட்ராட்டோலைனர்கள்ல அந்த மச்சமும் கஷ்டம். டிடபிள்யூஏ-வின் ஐந்தையும் போருக்கு அப்புறம் போயிங் கம்பெனியே பி-17 குண்டுவீச்சு விமானத்தோட இறக்கையும் வாலும் பொருத்திப் புதுசாக்கிக் கொடுத்தது. பாதி உடம்பு மாற்று உறுப்பு. பழைய போட்டோவை மட்டும் பார்த்து இதுதான் அதுன்னு சொன்னா ஏமாறுவோம்.

இப்போ அந்த முழு விமானம். பான் ஆமின் ஃப்ளையிங் கிளவுட், பதிவெண் என்சி 19903. பல கை மாறி ஹைட்டி நாட்டுக்குப் போய், அங்கே அதிபர் விமானமாவும் இருந்தது. அந்த அதிபர் பிரான்சுவா துவாலியே. "பாப்பா டாக்"னு செல்லப்பேர். ஏன் டாக்? அவர் டாக்டர். நிஜ டாக்டர். 1940-களில் ஹைட்டி கிராமங்களில் யாஸ் என்கிற தோல் நோயைப் பெனிசிலின் போட்டு ஒழிச்ச இயக்கத்தில் வேலை செஞ்சவர். அந்த நல்ல பேர்ல ஓட்டு வாங்கி வந்து, தன் மக்களையே ஆயிரக்கணக்கில் கொன்ற சர்வாதிகாரி ஆனார். எங்க தொழிலுக்கு இப்படியும் ஒரு சீனியர். விமானத்து மேல கோபப்பட முடியாது, அதுக்கு யார் ஏறினாலும் ஒண்ணுதான்.

பிறகு அரிசோனாவுக்கு வந்து சேர்ந்தது. 1972-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கிக்கிச்சு. அரிசோனா பாலைவனக் காற்றுல ஈரம் இல்ல, அலுமினியம் அரிக்காது. நம்ம கடற்கரை ஊர்ல வெச்சிருந்தா பத்து வருஷம் தாங்கியிருக்காது. 1994-ல் எடுத்துட்டுப் போய், சியாட்டிலில் போயிங் கம்பெனி ஊழியர்களும் ஓய்வு பெற்றவங்களும் சேர்ந்து 2001 வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்குரூவா சரிசெஞ்சாங்க. பறக்க வெச்சாங்க.

2002 மார்ச் 28. ஒரு பயிற்சிப் பறப்பு. நாலு பேர் உள்ளே. இறங்கப் போனப்போ ஒரு சக்கரம் சரியா இறங்கல. அதைக் கையால் சுற்றி இறக்கி, அந்தக் கவலையிலேயே திரும்பி வரும்போது எஞ்சின்கள் ஒண்ணொண்ணா அடங்கிடுச்சு. சியாட்டில் எலியட் வளைகுடாவில், கரையோர உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவங்க கண் முன்னாடி, உலகத்தில் ஒண்ணே ஒண்ணா இருந்த முழு ஸ்ட்ராட்டோலைனர் உப்புத்தண்ணியில் இறங்கியது. நாலு பேரும் பிழைச்சாங்க. ஓட்டியவர் தண்ணியில் இறக்கிய விதம் அருமை, அதுல சந்தேகமே இல்ல.

காரணம்? எரிபொருள் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான். கிளம்புறதுக்கு முன்னாடி டேங்கில் எவ்வளவு இருக்குன்னு குழுவினர் சரியா கணக்கிடல, எவ்வளவு மிச்சம்னு தங்களுக்குள்ள சரியா பேசிக்கலன்னு அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் எழுதியது.

இந்த வரியைப் படிச்சப்போ எனக்கு விமானம் ஞாபகம் வரல, ஆக்சிஜன் சிலிண்டர்தான் வந்தது. ஆம்புலன்ஸ்ல நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். நிறைஞ்ச பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடினா 150 நிமிஷம், 15 ஓடினா 100 நிமிஷம். ரெண்டு மணி நேரப் பயணம்னா ஒரு சிலிண்டர் போதுமா? கணக்கு போட்டாத்தான் தெரியும். "கேஜ்ல முள்ளு நல்லாத்தான் இருக்கு சார்"ங்கிறது பதில் இல்ல. அதுவும் நோயாளிக்கு பிபி இறங்கிக்கிட்டு இருந்தா எல்லார் கண்ணும் பிபி மேல இருக்கும், சிலிண்டரை யாரும் பார்க்க மாட்டாங்க. அவங்களுக்குச் சக்கரம், நமக்கு பிபி.

இன்னொரு விஷயம். 307-ன் இறக்கையும் எஞ்சினும் பி-17 வழியில் வந்தவை. அந்த பி-17-ன் முதல் விமானம் 1935 அக்டோபர் 30-ல் விழுந்தது, வால் பகுதியைப் பூட்டி வெச்ச பூட்டை எடுக்க மறந்ததால. ரெண்டு பேர் இறந்தாங்க, ரெண்டு பேருமே கைதேர்ந்த விமானிகள். "திறமை போதாது, லிஸ்ட் வேணும்"னு அப்போதான் விமானிகளுக்கு செக்லிஸ்ட் வந்தது. அங்கிருந்து அது ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 கேள்வி கொண்ட அறுவை சிகிச்சை செக்லிஸ்ட், டெல்லி உட்பட எட்டு நகர ஆஸ்பத்திரிகளில் செஞ்சு பார்த்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைஞ்சது. செக்லிஸ்ட் பிறந்த குடும்பத்து விமானமே செக் பண்ணாததால தண்ணியில விழுந்துச்சு பாருங்க.

இங்கதான் என் முதல் கருத்து. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கிற விமானத்தைப் பறக்க விடக் கூடாது.

"பறக்காத விமானம் பொணம் மாதிரி டாக்டர்"னு சொல்வாங்க. பொணம்னா இளக்காரமா? முதல் வருஷத்தில் எங்களுக்கு முதல் ஆசிரியர் அனாட்டமி மேஜையில் படுத்திருந்தவர்தான். பேத்தாலஜி மியூசியத்தில் ஃபார்மலின் ஜாடியில் இருக்கிற ஒரு இதயம், துடிச்சப்போ கற்றுக்கொடுத்ததைவிட அதிகப் பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும். டக்கோட்டா மாதிரி ஆயிரக்கணக்கில் செஞ்சு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறதைப் பறக்க விடுங்க, சந்தோஷம், சத்தத்தைக் கேட்க நானும் வர்றேன். ஒண்ணே ஒண்ணுன்னா விடாதீங்க. எதிர்க்கட்சி வாதத்திலும் ஒரு உண்மை இருக்கு: பறக்கிற தரத்துக்குச் சரிசெய்யணும்னு இறங்கினதால்தான் அந்தப் பழைய வேலை தெரிஞ்சவங்க கையிலிருந்து இளையவங்க கைக்குத் தொழில் மாறுச்சு. ஒத்துக்கிறேன். அருங்காட்சியகத்துக்கு வழியனுப்ப ஒரே ஒரு தடவை பறக்கிறதுன்னாகூட பேசலாம். பயிற்சிக்காக மறுபடி மறுபடி இறக்கி ஏற்றுறது வேண்டாம்.

மறுநாள் கிரேன் வெச்சுத் தூக்கி, உப்பைக் கழுவி, மறுபடியும் சரிசெஞ்சு, 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் பக்கத்து டல்லஸ் விமான நிலையத்துக்குப் பறந்தே போச்சு. இப்போ அங்கே உட்வார்-ஹாசி மையத்தில் பளபளன்னு நிற்குது.

இனிமேல்தான் நமக்கு நெருக்கமான கதை.

டிடபிள்யூஏ-வின் அந்த ஐந்து. போரில் ராணுவம் எடுத்துக்கிட்டு, எடையைக் குறைக்க காற்றழுத்தக் கருவிகளையே கழற்றிடுச்சு. திருப்பிக் கொடுத்தப்போ அதை மறுபடி பொருத்தவே இல்ல. எதுக்காகப் பிறந்ததோ அதையே இழந்துட்டு சாதாரண விமானமா ஓடியது. 1951-ல் ஏகிள் அசூர் என்கிற பிரெஞ்சு கம்பெனி ஐந்தையும் வாங்கியது. வட ஆப்பிரிக்கா, அப்புறம் இந்தோசீனா. ஒண்ணு 1974 ஜூனில் கம்போடியாவில் பட்டம்பாங் ஊர்ல கிளம்பின கொஞ்ச நேரத்துல எஞ்சின்கள் நின்னு நெல் வயலில் விழுந்தது, 19 பேர் இறந்தாங்க.

1954 ஜெனீவா ஒப்பந்தத்துக்கு அப்புறம் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஒரு பன்னாட்டு ஆணையம் வெச்சாங்க. இந்தியா தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். நம்ம ராணுவத்தினரும் அதிகாரிகளும் அங்கே வருஷக்கணக்கில் வேலை பார்த்தாங்க. சைகோன், நாம்பென், வியன்டியன், ஹனோய் என்று அவங்களைச் சுமந்து போனது இந்தப் பழைய ஸ்ட்ராட்டோலைனர்கள்தான். ரெண்டு பக்கமும் சண்டை நடக்க, நடுவுல ஆயுதம் இல்லாத ஒரு கிழட்டு விமானம்.

1965 அக்டோபர் 18. எஃப்-பிஇஎல்வி என்கிற ஸ்ட்ராட்டோலைனர் வியன்டியனிலிருந்து ஹனோய்க்குக் கிளம்பியது. 13 பேர். பிரெஞ்சு விமானக் குழு, கனடியர், போலந்துக்காரர், இந்தியர்கள். ஹனோய் போய்ச் சேரல. அவ்வளவுதான் கதை.

விமானத்தைத் தேடுறவங்க இதை ஒரே வரியில் "காணாமல் போனது"ன்னு பட்டியலில் எழுதிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிடுவாங்க. என்னால போக முடியல. அந்த இந்தியர்கள்ல ஒருத்தர் பெயரையாவது நீங்க பள்ளிப் புத்தகத்தில் படிச்சிருக்கீங்களா?

உடல் இல்லாத சாவு எப்படின்னு நாங்க பார்ப்போம். போஸ்ட்மார்ட்டம் கிடையாது, சர்டிஃபிகேட்டில் நேரம் கிடையாது. ஏழு வருஷம் தகவல் இல்லைன்னாத்தான் இறந்ததா எடுத்துக்கலாம்னு சாட்சியச் சட்டம் சொல்லுது. 2017 ஒக்கிப் புயலில் போன கன்னியாகுமரி மீனவர்களுக்கு அரசு அந்த ஏழு வருஷத்தைக் காக்க வைக்காம நிவாரணம் கொடுத்தது, சரியான காரியம். ஆனா பணம் வந்த பிறகும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து பார்க்கிறது நிக்காது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்புன்னு ஓபிக்கு வருவாங்க. ஈசிஜி நார்மலா இருக்கும்.

என் ரெண்டாவது கருத்து இதுதான்: ஸ்ட்ராட்டோலைனர்ல இன்னும் தேட வேண்டியது மிச்சம் இருக்கிற ஒன்றரை இல்ல, அந்த எஃப்-பிஇஎல்வி. தேட வேண்டிய பொறுப்பு ஆணையத்துக்குத் தலைமை வகிச்ச நாட்டுக்கும் உண்டு.

"அறுபது வருஷம் ஆச்சு, காடு, எங்கே கிடைக்கும்"னு சொல்லாதீங்க. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோட கிளம்பிக் காணாமல் போன விமானப்படையின் ஏஎன்-32, அதுவும் புரொப்பல்லர் விமானம்தான். நம்ம சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, வங்கக்கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்களைப் படம் பிடிச்சது 2024 ஜனவரியில் வெளியாச்சு. 1968-ல் 102 பேரோட இமாச்சலப் பனிமலையில் விழுந்த ஏஎன்-12-லிருந்து நாலு உடல்களை 2024-லதான் எடுத்தாங்க, 56 வருஷம் கழிச்சு. தேடினா கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல. தேடாம கிடைச்சதா வரலாறும் இல்ல. காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி செய்யக்கூடியது, டெல்லியில் இருக்கிற பழைய கோப்புகளைத் திறந்து வைக்கிறது. செலவு கிடையாது.

நம்ம பங்குக்கு ஒண்ணு செய்யலாம். உங்க தாத்தாவோ பெரியப்பாவோ 1954-க்கும் 1973-க்கும் நடுவுல ராணுவத்திலோ வெளியுறவுத் துறையிலோ இருந்து வியட்நாம், லாவோஸ், கம்போடியா போனவங்களா? பரணில் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்க. விமானத்துக்கு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ இருந்தா, பக்கவாட்டிலோ வாலிலோ எழுத்து தெரியுதான்னு பாருங்க. எஃப்-பிஇஎல் என்று ஆரம்பிச்சா, எடுத்த இடம், தேதி, கூட நிக்கிறவங்க பேர் எல்லாத்தையும் பின்னாடி பென்சிலால் எழுதி வைங்க. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துடும்.